திண்ணைப் பள்ளியில் கணக்குக் கற்ற வகை

முக்காலை முக்காலால் பெருக்கினால் என்ன வரும் என்று இன்றைய மாணவரைக் கேட்டால் தாளும் எழுதுகோலும் தேடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி முடித்த சிறுவன், 'அரையே வீசம்' என்று உடனே விடையிறுப்பான். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. அரையும் வீசமும் சேர்ந்தால் பதினாறில் ஒன்பது, விடை சரியே.

இதனை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. சிறுவன் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே எண்ணின் பெயரை வாய்விட்டுச் சொன்னான். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் பின்னே சொன்னார்கள். கை, வாய், செவி மூன்றும் ஒருங்கே உழைத்தன. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள பள்ளிகளின் மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறை ஆங்கில நாட்டில் 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

சொற்களே கணக்கைச் சுமந்தமைதான் இதில் வியப்பு. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று. அதன் பெயரே மாகாணி. இன்று கரும்பலகையில் மூன்று வரி எழுதிக் கூட்டுவதை அன்று ஒரு சொல் கூட்டிக் கொடுத்தது! நெல்லிலக்கம் கற்றவனுக்கு எட்டு நாழி குறுணி, பன்னிரண்டு குறுணி கலம் என்பது வாய்ப்பாடு மட்டுமன்று. மாலையில் வீட்டுக் களத்தில் அவன் காணும் அளவையும் அதுவே. காலையில் ஒப்பித்ததை மாலையில் அளந்து பார்க்க முடிந்தது.

பிரம்பையும் கோதண்டத்தையும் நான் புகழவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையின் முடிவில், 1826இல், 12,498 பள்ளிகள் கணக்கிடப்பட்டன. ஆயினும் அவற்றிற் பயின்ற பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பல திண்ணைகள் எட்டவேயில்லை.

பின்னர்த் தேர்வை நோக்கிய பள்ளிகள் பெருகின. ஒப்பித்தல் நிலைத்தது, களம் விலகியது. 1957இல் நயாபைசாவும் அதனைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின், பழைய பின்னங்களுக்குக் கடைவீதியிலும் வேலையில்லாமற் போயிற்று. காலும் அரையும் முக்காலும் பேச்சில் எஞ்சின. 320இல் ஒரு பங்காகிய முந்திரியோ, இன்று பாயசத்தில் இடும் பருப்பாக மட்டுமே நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.