ப போய் ஹ வந்தது

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போர்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? நம்ம ஊர் பஸ்ஸில் 'ஓசூர்'. கர்நாடக பஸ்ஸில் கன்னட எழுத்தில் 'ஹொஸூரு'. எது சரி என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், சண்டையே வந்துவிடும். 'ஊர் யாருடையது?' என்ற கேள்வி அல்லவா அதற்குள் உட்கார்ந்திருக்கிறது! 1956-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. பெயர் மட்டும் கன்னடத்திலேயே நின்றுவிட்டது.

'ஹொஸ' என்றால் கன்னடத்தில் 'புதிய'. 'ஊரு' நம்ம ஊர்தான். இரண்டும் சேரும்போது நடுவில் இருக்கும் 'அ' விழுந்து ஹொஸூரு. அதாவது புது ஊர்.

கதை இங்கேதான் ஆரம்பம். இந்த 'ஹொஸ' பழைய கன்னடத்தில் 'பொஸ'. பத்தாம் நூற்றாண்டில் பம்பன் காவியம் எழுதியபோதும் 'ப'தான். அப்புறம் சொல்லுக்கு முதலில் நின்ற 'ப' கொஞ்சம் கொஞ்சமாக 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. ஒகேனக்கல் போயிருப்பீர்களே? அதில் இருக்கும் 'ஹொகெ' நம்ம புகைதான். அருவிச் சாரல் புகையாய் எழும்பும் கல். அங்கே 'ப' போய் 'ஹ' வந்தது. நம்மிடம் வந்ததும் அந்த 'ஹ'வும் போய்விட்டது.

பொஸவும் நம் புதுவும் ஒரே திராவிட வேரில் கிளைத்தவை. நாம் புது வீடு, புதுசு, புதியவர் என்கிறோம். அவர்கள் ஹொஸ மனெ, ஹொஸது, ஹொஸபரு என்கிறார்கள். நம் 'புதுமை', ஊரோடு சேரும்போது 'மை'யை உதறிவிட்டு, 'த்'தை இரட்டித்து 'புத்தூர்' ஆகும். பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு 'தன்னொற்று இரட்டல்' ஞாபகம் வரலாம். ஆக, ஓசூரும் புத்தூரும் ஒரே பெயர்!

பெயருக்கேற்ற ஊர்தான் இது. 1980-ல் இங்கே டிவிஎஸ் மொபெட் வந்தது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் வந்தது. அன்றிலிருந்து மதுரை, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ ஹொஸபரு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் புழங்குகின்றன.

அடுத்த முறை யாராவது "இது எங்க பேரு" என்று மல்லுக்கு நின்றால், வாதாடாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அதில் ஊற்றியது பாலா, ஹாலா என்று அவரே சொல்லட்டும்.