கட்டடம் கற்பித்த கணக்கு

மாணவர்களே, இந்நாளில் பெரிய கட்டுமான நிறுவனங்கள் கல்லையும் சிமெண்டையும் சேர்ப்பதுபோலவே செய்திகளையும் சேர்த்து வருகின்றன. பாரந்தூக்கி எத்தனை மணி நேரம் இயங்கிற்று, கான்கிரீட்டின் வெப்பம் என்ன, மண் எவ்வளவு இறங்கிற்று என்பவற்றைக் கருவிகள் ஓயாமல் குறிக்கின்றன. கணிப்பொறிகள் அக்குறிப்புகளை ஆராய்ந்து, நாளை நேரக்கூடியதை இன்றே உணர்த்த முயல்கின்றன. இதனைப் பெருந்தரவு ஆய்வு என்பர். புதுமையாகத் தோன்றும் இம்முறைக்கு 60 ஆண்டுகட்கு முன்னரே ஒரு முன்னோடி உண்டு. அதுவே ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓப்பரா மாளிகை. அதன் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1957-இல் முடிவு வெளியான போட்டியில் டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த படம் பரிசு பெற்றது. துறைமுகத்தின் ஓரத்தில் பாய் விரித்தாற்போன்ற கூரைகள்! காண்பதற்கு இனியவை, கட்டுவதற்கோ அரியவை. அவற்றில் எழும் விசைகளைக் கணக்கிட, ஓவ் ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்நாளில் அரிதாயிருந்த கணிப்பொறியின் துணையை நாடினர். கூரைகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைக்கும் வழி 1961-இல் பிறந்தது. அதனால், முன்னரே வார்த்த 2,194 கான்கிரீட் துண்டுகளைக் கொண்டு வளைவுகளை எழுப்ப முடிந்தது.

நாம் கருதவேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. வளைவுகளில் பதித்திருந்த அடையாள முளைகளின் இருப்பிடத்தை ஒவ்வொரு நாள் இறுதியிலும் அளந்தனர். அவ்வளவுகளைக் கணிப்பொறியில் இட்டனர். மறுநாள் அடுத்த வளைவை எங்கே நிறுத்துவது என்பதை அது கூறிற்று. இவ்வாறு, நேற்றைய அளவு இன்றைய வேலைக்கு வழிகாட்டியாயிற்று.

ஆயினும், கணக்கால் உயர்ந்த அம்மாளிகையே கணக்குத் தவறியதற்கும் சான்றாக நிற்கிறது. ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் 70 இலட்சம் செலவாகும், 1963-இல் முடியும் என்று மதிப்பிட்டனர். 1973-இல் திறக்கும்போது செலவு 10 கோடியே 20 இலட்சம் ஆகியிருந்தது! கூரையின் அமைப்பு முடிவாகுமுன்னரே, 1959-இல், அரசினர் வேலையைத் தொடங்கச் செய்தனர். அடித்தளத் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கமாட்டா எனப் பின்னர் உணர்ந்து, அவற்றைத் திருப்பிக் கட்டினர். அரசினரோடு பிணங்கிய உட்சன் 1966-இல் விலகினார். முளையின் இருப்பிடத்தைக் கணிப்பொறி சொல்லிற்று. வேலையைத் தொடங்கும் காலம் வந்ததா என்ற கேள்வியோ மனிதர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிருந்தது.

இன்று நிறுவனங்களிடம் குவியும் செய்திகள் அந்நாளைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. ஆனால் முன்னைய வேலைகளில் நேர்ந்த தாமதத்தையும் விபத்தையும் மறைக்காது எழுதி வைத்தாலன்றி, எந்தப் பொறியும் வருவதை உரைக்கமாட்டாது. சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் உயிர் அந்த உண்மையைப் பொறுத்தது. பொறியாளராக விரும்பும் மாணவர்கள் கணிதத்தை நன்கு கற்கட்டும். அதனோடு, கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கத்தையும் இன்றே மேற்கொள்ளட்டும்.