தேரைத் தோலும் ரேஷன் கோதுமையும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் நெடுக, தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்றே சொல்வார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் முனைந்து பரப்பிய பயிர் அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஏழை வீடுகளில் பல நேரம் சோற்றின் இடத்தைக் கிழங்கு பிடித்துக்கொண்டது. வேகவைத்த மரச்சீனி, மிளகாய் அரைத்த சம்மந்தி, கிடைத்தால் ஒரு துண்டு மீன். வயிறு நிறையும். ஆனால் அந்தக் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லிவிடலாம்.

கோதுமையோ அந்த அடுப்புகளுக்கு அந்நியம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கையிலும் தொடையிலும் பொடிப்பொடியாகத் தோல் தடித்தால் இன்று உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது கோதுமையின் க்ளூட்டன் புரதம். கோதுமையே உண்ணாத தென்னாட்டு ஏழைகளுக்கும் தோல் தடித்தது.

1933-ல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் அந்தத் தடிப்புக்கு ஒரு பெயர் வைத்தார்: ஃபிரினோடெர்மா, அதாவது தேரைத் தோல். முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால் ஒவ்வொன்றின் வாயிலும் தோல் கெட்டிப்பட்டு முளைபோல் அடைத்து நிற்கும். நடுவில் கறுத்த முனை, சுற்றிலும் வறண்ட தோல். தடவினால் விரலில் குத்தும். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. உணவில் வைட்டமின் குறைவதே காரணம் என்றார் நிக்கல்ஸ். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் அவரது குழுவினரும் 1930-களில் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது இதே தோலைக் கண்டார்கள். வைட்டமின் ஏ மட்டுமல்ல, நல்ல கொழுப்பும் பி வகை வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்பது பிறகு தெளிவானது. மீன் எண்ணெய் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கின.

இதே வட்டாரத்தின் வயிறும் அன்று மருத்துவ ஆய்வுக்குப் பொருளானது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், பின்பு நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். அங்கே அவர் கத்தியெடுத்த நோய்களில் குடற்புண்ணே முதன்மையானது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரைப்பையில் புண் வந்தது. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நலமாக வளர்ந்தன. அன்றைய அறிவியல் கோதுமையை நம் ஊருக்கு மருந்தாகத்தான் காட்டியது!

கடைசியில் கோதுமையை இங்கே கொண்டுவந்தது அறிவியல் அல்ல, பஞ்சம். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், திருவிதாங்கூர் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 1960-களின் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகத் தடை வந்தபோது, பாறசாலைக்காரருக்குக் களியக்காவிளை அரிசி கடத்தல் பொருளாகிவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான், பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கப்பலேறி வந்த அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடை வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. மாவு மில்லில் அரைத்துப் புட்டாகவும் தோசையாகவும் சுட்டுப் பழகினார்கள். மைதா பரோட்டா உணவகங்களில் நிலைத்தது.

கோதுமை தீங்கு செய்யும் உடல்களும் உண்டு என்று கண்டுபிடித்ததிலும் பஞ்சத்துக்குப் பங்கிருக்கிறது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது, க்ளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள்; குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமை மீதான தம் சந்தேகத்தை 1950-ல் ஆய்வேடாக நிறுவினார். 1884-லேயே ஃபிலடெல்ஃபியாவின் லூயிஸ் டூரிங் விவரித்த ஒரு தோல் நோய்க்கும் சீலியாக்குக்கும் தொடர்பு உண்டென்பது, 1966-ல் அந்நோயாளிகளின் குடலைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற அந்த நோயில் முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கொத்துக்கொத்தாகச் சிறு கொப்புளங்கள் எழும். உறக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும். அதை அடக்கும் டாப்சோன், 1946-ல் செங்கல்பட்டில் மருத்துவர் காக்ரேன் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே மருந்து.

மேற்கையின் வெளிப்புறத்தில் அரிப்பில்லாமல் சொரசொரக்கும் கெரட்டோசிஸ் பிலாரிஸ் வேறு. அது பரம்பரையாக வருவது, தீங்கற்றது. கோதுமையை விட்டால் மறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு வடக்கே ஹரியானாவையும் கிழக்கே அசாமையும் தெற்கே வேலூர்ப் பகுதியையும் ஒப்பிட்டது. சீலியாக் வடக்கில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 8.5 பேருக்கு, தெற்கில் 0.11. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில்: வடக்கில் நாளுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25.

அதனால் எல்லையோரத்தில் யாருக்காவது அரிக்கும் கொப்புளம் தொடர்ந்து வந்தால், கோதுமையைச் சட்டென்று நிறுத்துவது தவறான முதல் அடி. நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று சோதனை பொய்யாகக் காட்டிவிடும். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும். கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி, அதில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.