வராத பிள்ளையின் கணக்கு

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகும் பேருந்து கணியம்பாடியைத் தாண்டித்தான் போகவேண்டும். முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு அங்கே இறங்க வேலையில்லை. பிள்ளைகளுக்கான மனநலச் சேவையை எந்தக் கோலால் அளப்பது என்று கேட்பவர்களோ அங்கே இறங்காமல் போக முடியாது.

ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை கொண்ட கணியம்பாடி ஒன்றியத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பிறப்பையும் இறப்பையும் ஊர் ஊராகப் பதிந்துவந்தது. ஊரிலேயே இருக்கும் பணியாளர் சாவுச் சேதி கொண்டுவருவார். பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து பேசிக் காரணத்தை உறுதிசெய்வார்கள். 1992 முதல் 2001 வரை இப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வு 2004இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆண்டுக்கு லட்சம் பேரில் பெண்களிடையே 148 தற்கொலைகள், ஆண்களிடையே 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை போனது இந்த வழியில்தான்.

அதே வேலூரில், பாகாயத்தில், இக்கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கிவருகிறது. தொலைவான மாநிலங்களிலிருந்தெல்லாம் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிவரும் இடம் அது. கணியம்பாடியின் எண்களால் அந்த மையத்தின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலுக்கு வந்த பிள்ளையைக் கவனிப்பது ஒரு வேலை; வாசலுக்கே வராத பிள்ளையைத் தேடிப்போவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதை யாரோ பத்தாண்டு விடாமல் எண்ணியதால்தான் இவ்வளவாவது தெரிந்தது.

அரசின் கணக்கு முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் பிறந்தது. அதன் கையும் காலுமான மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் வந்தது. மாவட்டக் குழு ஊர் மருத்துவமனைகளுக்கு முறைவைத்துப் போகிறது. புதியவர் எத்தனை, மறுமுறை வந்தவர் எத்தனை என்று பட்டியல் மேலே போகிறது. எண் கூடினால் சேவை வளர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது: பெருநகரங்களில் 13.5, கிராமங்களில் 6.9. பட்டு நெசவு ஊரான ஆரணி இதில் எந்தப் பக்கம்? கடைத்தெருவைப் பார்த்தால் நகரம். வீட்டுக்குள் தறியைப் பார்த்தால் வேறு உலகம்.

அந்த வீட்டுக்குள்தான் பார்க்கவேண்டும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குழியில் கால் தொங்கப்போட்டு நெய்கிறவர் ஒருவராய் எல்லா நாடாவையும் தள்ள முடியாது. மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து இழைக்கு இழை நாடாவை வாங்கித் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் சிறுவர்களே இருந்தார்கள். முன்பணத்துக்கு ஈடாகப் பட்டுத்தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரம் தறிகளையும் பேசுகிறது. பிள்ளை எழுந்தால் அந்த இடத்துக்கு அம்மாதான் வரவேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. ஆகவே மாலைத் தறியில் உட்காரும் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இப்போது, தூக்கத்தில் அலறி எழும் பன்னிரண்டு வயது மகனை நினைத்துக்கொள்வோம். பகலில் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அம்மா எழுந்தால் அப்பாவின் கையும் நின்றுபோகும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி விளக்கு வைத்த பிறகு மந்திரிக்கக் கூட்டிப்போனால் தறி நிற்காது. மந்திரிப்பவரின் நேரம் தறிக்கு ஒத்துவருகிறது, மருத்துவரின் நேரம் ஒத்துவரவில்லை. இதை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது ஆய்வாளரின் சோம்பல்.

அடைமழையில் தறிக்குழி ஈரமாகும், இழை தளரும், வேலை நிற்கும். அப்போது புறநோயாளிச் சீட்டு கூடினால் அந்தப் பெருமை சேவைக்கா, மழைக்கா? வேலையற்ற வீட்டின் கடன் நெருக்கடி பிள்ளையின் மனத்தையும் தொடும் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஐப்பசியில் எடுத்த அளவைத் தை மாதத்து அளவோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை.

வந்து சேர்ந்தாலே போதுமா? அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில், ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில், 1990களின் முற்பாதியில் இதைச் சோதித்தார்கள். ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேண்டிய சேவையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவாயிற்று. லெனர்ட் பிக்மன் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு வழக்கமான சேவை பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டது. வந்தவர்கள் அதிகம், பெற்றோருக்குத் திருப்தி அதிகம், செலவும் அதிகம். பிள்ளைகளின் நிலையில் மட்டும் வித்தியாசம் தென்படவில்லை. மதிப்பீட்டாளரைத் திட்டியவர்கள் நிறையப் பேர்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’ சோதனை இன்னும் நமக்கு நெருக்கமானது. 74 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர் நடத்தினார், சிலவற்றில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர் நடத்தினார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர் நடத்தியவற்றில் பலன் தெரியவில்லை. ‘ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி’ என்று எதற்கும் சுற்றறிக்கை விடும் நம் பழக்கத்தை இந்த முடிவு கொஞ்சம் உறுத்தவேண்டும்.

ஆரணியில் மதிப்பீடு என்று ஒன்று நடந்தால், கணியம்பாடியைப்போல் தெருவிலிருந்து தொடங்கவேண்டும்: தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளை வீட்டிலேயே, ஆண்டுதோறும் ஒரே தமிழ் மாதத்தில், சேவை எட்டாத பக்கத்து நெசவு ஊரோடு சேர்த்து. கருவிக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது; பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நாடா பிடிக்கும் பெண்ணுக்கு ஆசிரியர் படிவத்தை நிரப்ப ஆளில்லை. தகவல் முழுமையில்லை என்று அத்தகைய தாள்களைக் கழித்துவிட்டுத்தான் வழக்கமாகச் சராசரி போடுகிறார்கள். ஆரணி அறிக்கையின் முதல் பக்கத்தில் வரவேண்டியது அந்த வெற்றுத் தாள்களின் எண்ணிக்கை.