விண்வெளி விளையாட்டுகளில் வழிப்பறி

பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி ஆடும் விண்வெளி விளையாட்டுகளில், ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரரின் சரக்குக் கப்பலையோ சுரங்கக் கப்பலையோ வழிமறித்துப் பொருளைப் பறிப்பதும், விடுவிக்கப் பணயத்தொகை கேட்பதும் விண்கொள்ளை எனப்படும். கணினியே இயக்கும் கொள்ளையர் ஏறக்குறைய எல்லா விண்வெளி விளையாட்டுகளிலும் உண்டு. அவர்கள் இங்கே பொருளல்லர். எதிரே நிற்பவரும் மனிதர், பறிபோவது அவர் வாரக்கணக்கில் சேர்த்தது என்பதால்தான் இது தனித்துப் பேசவேண்டிய ஒன்றாகிறது. இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்போரும், யாரும் கைவைக்கக் கூடாத சுதந்திரம் என்போரும் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். ஆனால் இந்த விளையாட்டுகளின் வரலாறு இரு தரப்புக்கும் சாதகமாக இல்லை. கொள்ளைக்கு விதிகள் ஒரு விலை வைத்து, அந்த விலையை இரையும் வேடனும் முன்கூட்டிக் கணக்கிட முடிந்த இடங்களில் அது வணிகத்தையும் தொழிலையும் வளர்த்திருக்கிறது. விலையே இல்லாத இடத்தில் இரை ஓடிப்போனது. கட்டுமீறிய விலை வைத்த இடத்தில் கொள்ளை மட்டுமல்ல, அதைச் சுற்றி வளர்ந்திருக்க வேண்டிய தொழில்களும் முளைக்கவில்லை.

தொடக்கம் 1984. டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய ‘எலீட்’ ஒருவர் தனியே ஆடுவது. எனினும் சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகர், அவர்மேல் பாயும் கொள்ளையர், குற்றம் செய்தவரைத் துரத்தும் காவல் கப்பல், அரசு வலுவிழந்த உலகங்களில் கூடும் ஆபத்து என்ற நான்கு உறுப்புகளும் அதிலேயே அமைந்துவிட்டன. பின்வந்த பல விண்வெளி வணிக விளையாட்டுகளும் இந்த அமைப்பைத்தான் எடுத்தாண்டன. தொலைபேசி வழியே இணைந்த அறிவிப்புப் பலகைக் கணினிகளில் பரவிய ‘டிரேட் வார்ஸ் 2002’ இதனோடு மனித எதிரியைச் சேர்த்தது: ஒருவர் ஆட்டத்தை விட்டு எழுந்து போனபின் அவருடைய கப்பலை இன்னொருவர் தேடிப்பிடித்து அழிக்க முடிந்தது. ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரைப் பறிப்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று இந்த மரபில் விடைதெரியாமல் நின்ற கேள்விக்கு முதலில் பெரிய அளவில் முகங்கொடுத்தது விண்வெளி விளையாட்டன்று. 1997இல் வெளியான ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற இடைக்காலக் கற்பனை உலகில் சாதுவான ஆட்டக்காரர்களைக் கொன்று பறிப்போர் பெருகினார்கள். 2000ஆம் ஆண்டில் அதை நடத்திய நிறுவனம் அந்த உலகையே இரண்டாகப் பிரித்தது: ஒன்றில் விருப்பமின்றி யாரையும் தாக்க முடியாது, மற்றொன்றில் பழைய விதி. மக்கள் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கம் குடிபெயர்ந்தார்கள். இரண்டில் ஒன்று என்ற இந்தத் தீர்வை ஏற்காமல் மூன்றாவது வழியைத் தேடியதால்தான் ஐஸ்லாந்தின் ‘ஈவ் ஆன்லைன்’ இந்த வரலாற்றின் நடுவிடத்தைப் பிடித்தது.

ரேக்யவிக் நகரின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்ட அந்த விளையாட்டில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நிலையான வாயில்கள். வாயில் என்றாலே நெருக்கடியான கணவாய். கணவாய் இருந்தால் அதில் காத்திருப்பவரும் இருப்பார். வெளியான சில மாதங்களிலேயே ‘மூ’ என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு குழு, பேரரசுகளின் பகுதிகளை இணைக்கும் பாதையில் இருந்த மாரா மண்டலத்தின் வாயிலில் முகாமிட்டு, கடந்தவரையெல்லாம் சுட்டு வீழ்த்தியது. அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அந்தக் காலத்து விதிகளில் அவர்களுக்கு ஏற்படக்கூடிய குறிப்பிடத்தக்க செலவு ஏதும் இல்லை, அவ்வளவுதான். பாதையே அடைபட்டு, கடைசியில் நிறுவனமே தலையிட வேண்டியதாயிற்று. கட்டற்ற கொள்ளை தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும், ஊரார் திரண்டு வந்து விரட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. ஒழுங்காகப் பயின்ற சிலர் முன், ஒருவரையொருவர் அறியாத நூறு வணிகர் ஒன்றுசேர்வது நடக்கிற காரியமில்லை.

அதன்பின் படிப்படியாக உருவான ஏற்பாடுதான் உண்மையான கண்டுபிடிப்பு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் 1.0 முதல் 0.0 வரையும் அதற்குக் கீழேயும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5உம் அதற்கு மேலும் உள்ள உயர்பாதுகாப்புப் பகுதியில் காரணமின்றித் தாக்குபவரின் கப்பலை ‘கன்கார்ட்’ என்னும் காவல்படை கட்டாயம் அழித்துவிடும். அதிலிருந்து தப்ப வழிதேடுவதே கணக்கை இழக்கத்தக்க குற்றம். 0.4 முதல் 0.1 வரை காவல்படை வராது, வாயில்களிலும் நிலையங்களிலும் உள்ள பீரங்கிகள் மட்டும் சுடும். அமமாகே, ரான்சர், தாமா போன்ற மண்டலங்கள் கொள்ளையரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இந்த நடுப்பகுதியில்தான். 0.0இலும் அதற்குக் கீழும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் கூட்டணிகளே அரசு. இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது, உயர்பாதுகாப்புப் பகுதியிலும் காவல்படை தாக்குதலைத் தடுப்பதில்லை என்பது. அது தண்டிக்க மட்டுமே செய்யும். 1.0இல் சில வினாடிகளிலும், 0.5இல் ஏறத்தாழ 20 வினாடிகளிலும் வந்து சேரும். அந்த இடைவெளிக்குள் விலைகுறைந்த பல கப்பல்கள் சேர்ந்து ஒரு பெரிய சரக்குக் கப்பலை உடைத்துவிட முடியும். தாக்கியவர்கள் அத்தனை பேரும் தங்கள் கப்பலை இழப்பது உறுதி; அதனால் இது தற்கொலைத் தாக்குதல் எனப்படும். உடைந்த கப்பலில் இருந்த ஒவ்வொரு சரக்கும் தப்பிக் கிடைப்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே கொள்ளையரின் கணக்கு வெளிப்படையானது: சரக்கின் மதிப்பில் பாதி, தாங்கள் இழக்கப்போகும் கப்பல்களின் விலையைத் தாண்டுகிறதா? இதே கணக்கை வணிகரும் போடலாம். அளவுக்குமேல் ஏற்றாமல் போகலாம், சுற்றுவழியைத் தேர்ந்தெடுக்கலாம், முன்னே ஓர் உளவுக்கப்பலை அனுப்பலாம், அல்லது பிணைத்தொகை வைத்துச் சரக்கேற்றும் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கலாம். ரெட் ஃபிராக் என்ற சரக்குப் போக்குவரத்து அமைப்பு ஈவில் வேரூன்றியது அந்த ஆபத்தின் மேல்தான். வழியில் ஆபத்தே இல்லையென்றால் கூலி கொடுத்துச் சரக்கை அனுப்ப வேண்டிய தேவை பெரிதும் குறைந்திருக்கும். ஊருக்கு ஊர் விலை வேறுபட்டு நிற்கவும் காரணம் இருந்திராது.

கொள்ளையின் பொருளாதாரப் பங்கைப் பேசுவோர் அடிக்கடி ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். கப்பல் உடைந்தால் பணம் அழிவதில்லை, பொருள்தான் அழிகிறது. காப்பீட்டுத் தொகை வேறு கிடைப்பதால் பணம் உண்மையில் கூடத்தான் செய்கிறது. கொள்ளை பணவீக்கத்தை அடக்கும் என்பது ஆகவே தவறான வாதம். சரியான வாதம் வேறு: ஈவில் ஏறக்குறைய எல்லாக் கப்பல்களையும் ஆட்டக்காரர்களே கனிமம் தோண்டி, பட்டறையில் கட்டி, சந்தையில் விற்கிறார்கள். உடையும் ஒவ்வொரு கப்பலும் யாரோ ஒருவருக்கு ஒரு விற்பனை. கொள்ளையரைச் சபிக்கும் சுரங்கக்காரரின் கனிமத்துக்கு விலை நிற்பதே அந்த அழிவால்தான். 2011இல் கூன்ஸ்வார்ம் கூட்டணி, கலெண்டே கூட்டாட்சியின் பகுதியில் பனிக்கட்டி வெட்டுவோரைத் திட்டமிட்டுத் தாக்கியபோது, அதிலிருந்து பெறப்படும் எரிபொருளை முன்பே வாங்கிக் குவித்திருந்தது. விலை ஏறியதும் விற்று லாபம் பார்த்தது. பறித்த சரக்கில் அல்ல, வரத்தை நிறுத்தியதில் வந்த லாபம் அது. இதற்கு மறுபக்கம் 2014 டிசம்பரில் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’. அங்கே கப்பல் நிலையத்தில் கிடைக்கும் பண்டம். யாரும் கட்டி விற்பதில்லை. இழந்தவர் அதன் விலையில் 5 விழுக்காட்டைக் கட்டி மீண்டும் பெறுகிறார். பொதுவெளியில் ஆட விரும்பாதவர் தனியறையில் ஆடலாம், அங்கே ஈட்டியதை அப்படியே பொதுவெளிக்குக் கொண்டுவரலாம். சரக்கறையை உடைத்துப் பொருளை உதிரச் செய்யும் கருவிகூடக் கொள்ளையருக்கு உண்டு. ஈவைவிட நேர்த்தியான கருவி அது. ஆனால் முற்றுகை என்ற ஒன்றே அங்கு பொருளற்றது, ஏனெனில் வணிகர் விரும்பியபோது வேறு வெளிக்குப் போய்விடலாம். அதனால் அங்கு விண்கொள்ளை ஒரு சிலரின் வேடமாக நின்றது, உலகின் உறுப்பாக ஆகவில்லை.

ஈவிலும் கொள்ளையின் இயல்பு ஒரேமாதிரி இருந்ததில்லை. தொடக்க ஆண்டுகளில் பணயத்தொகை ஒரு நேர்மையான தொழிலாகவே நடந்தது: கொடுத்தால் விடுவது என்ற வாக்கைக் காக்கும் குழுக்களுக்கே பணம் கிடைக்கும். பின்னர் சண்டைகளின் விவரம் பொதுவில் பதிவாகும் வீழ்த்தல் பட்டியல்கள் செல்வாக்குப் பெற்றன. விடுவித்த கப்பல் பட்டியலில் ஏறாது. உடைத்த கப்பல் ஏறும். பணத்தைவிடப் பெயர் பெரிதானபோது வாக்கைக் காப்பதன் மதிப்பு சரிந்தது, வாக்கு சரிந்ததும் கொடுப்பவரும் குறைந்தார்கள். இது கொள்ளையின் சீரழிவு என்றே சொல்ல வேண்டும்: இரு தரப்பும் பேசி முடிக்கக்கூடிய ஒரு கொடுக்கல் வாங்கல், பேச்சே இல்லாத வேட்டையாயிற்று. 2012க்குப் பின் ‘கோட்’ என்ற கூட்டமைப்பு, உயர்பாதுகாப்புப் பகுதியில் தோண்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆட்டத்தின் நாணயமான ஐஎஸ்கேயில் 1 கோடி கட்டி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், இல்லையேல் சுடுவோம் என்று அறிவித்தது. சந்தைத் தெருவில் வசூலிக்கப்படும் மாமூலின் அதே அமைப்பு. தொகை பழகிய ஆட்டக்காரருக்கு அற்பம். ஆகவே இதன் நோக்கம் வருவாயன்று, பணியவைத்தல்.

கொள்ளைக்கு எதிரான வலுவான வாதம், அது புதியவரை விரட்டிவிடுகிறது என்பது. இதைக் கண்ணியமாக எதிர்கொள்ள வேண்டும். 2015இல் ரேக்யவிக் ரசிகர் விழாவில் சிசிபி நிறுவனம் ஏறத்தாழ 80,000 புதியவர்களின் முதல் 15 நாட்களை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. அவர்களில் உயர்பாதுகாப்புப் பகுதியில் தற்கொலைத் தாக்குதலுக்கு இரையானோர் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. எவராலும் வீழ்த்தப்படாதவர்களைவிட, வீழ்த்தப்பட்டவர்களே அதிக காலம் ஆட்டத்தில் நீடித்தார்கள். விலகியோரில் மிகச் சிலரே கப்பல் இழப்பையோ தொல்லையையோ காரணமாகச் சொன்னார்கள். கொள்ளையின் ஆதரவாளர்கள் இதை வெற்றிமுழக்கமாக எடுத்துக்கொண்டது அவசரம். ஆர்வத்தோடு வெகுநேரம் ஆடுபவரே ஆபத்தான இடத்துக்குப் போகிறார், அவரே சுடப்படவும் செய்கிறார்; அவர் நீடித்தது அந்த ஆர்வத்தால் இருக்கலாம். காரணம் சொல்லாமல் போனவர்களின் மனம் எந்தக் கணக்கிலும் வராது. எனவே இந்தத் தரவு கொள்ளை புதியவரைத் தக்கவைக்கிறது என்று காட்டவில்லை. அது கூட்டம் கூட்டமாக அவர்களை விரட்டுகிறது என்ற குற்றச்சாட்டைத்தான் பலவீனப்படுத்துகிறது. அந்த அளவே போதும். அதற்குமேல் இழுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு ஒழுக்கம் சார்ந்தது: விளையாட்டென்றாலும் பிறர் உழைப்பைப் பறித்து மகிழ்வது கொடுமையல்லவா? கப்பலை இழக்கக்கூடும் என்று தெரிந்தே வந்தவரிடம் கப்பலைப் பறிப்பது கொடுமையன்று, தோல்வி. ஆனால் அந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. 2014இல் ஈவில் ஏமாற்றப்பட்ட ஓர் ஆட்டக்காரரைக் குரல்வழி உரையாடலில் வெகுநேரம் இழிவுபடுத்திய பதிவு வெளியானபோது ஆட்டக்காரர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மனிதரைக் குறிவைக்கும் துன்புறுத்தலை, அது விளையாட்டுக்கு வெளியே நடந்தாலும், பொறுத்துக்கொள்ள முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. புதியவர் தொடங்கும் மண்டலங்களில் அவர்களைத் தொல்லைப்படுத்துவதும் தடைசெய்யப்பட்டதே. கப்பலுக்கும் மனிதருக்கும் நடுவிலுள்ள இந்தக் கோட்டை அலட்சியமாக வரைந்த விளையாட்டு எதுவும் கொள்ளையை நியாயப்படுத்தத் தகுதியற்றது.

விலையை எவ்வளவு வைப்பது என்பதே எஞ்சும் கேள்வி. நிறுவனம் இதில் பலமுறை கைவைத்துள்ளது. காவல்படையால் அழிக்கப்பட்ட கப்பலுக்கும் காப்பீட்டுத் தொகை கிடைத்துவந்த முரண்பாடு 2011 நவம்பரில் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சுரங்கக் கப்பல்களின் உறுதி கூட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சந்தேகத்துக்குரியவர், குற்றவாளி என்ற தெளிவான நிலைகள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கொள்ளை செத்துவிட்டது என்ற புலம்பல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் கொள்ளையர் புதுக் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். எதிர்த்திசையில் நடந்த சோதனைதான் கூடுதலாகக் கற்பித்தது. 2019 ஜூலையில் 0.0 பகுதியில், மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் மறைக்கப்பட்டது. வேட்டைக்காரர்கள் கொண்டாடினார்கள். இரையாகக்கூடியவர்களோ கணக்கிட ஏதுமின்றி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆடுவோர் எண்ணிக்கை குறைந்தது. செப்டம்பரில் பட்டியல் திரும்பி வந்தது. ஆபத்து கூடியதால் அல்ல, ஆபத்தை அளக்க முடியாமற்போனதால் வந்த விளைவு இது. அடுத்த ஆண்டே அதற்குச் சான்று கிடைத்தது. ஜிட்டா, அமார் என்ற இரு பெருஞ்சந்தைகளின் நடுவே கொள்ளையருக்குப் பேர்போன நியார்ஜா மண்டலம் 2020இல் கதைப்போக்கின் ஒரு படையெடுப்பில் வீழ்ந்தது. ஏறத்தாழ பத்து வாயில் தாவல்களாக இருந்த உயர்பாதுகாப்பு வழி நாற்பதைத் தாண்டியது. நீண்ட வழியின் நேரமா, அஹ்பசான் வழியே செல்லும் குறுக்குப்பாதையின் ஆபத்தா என்று வணிகர் எடைபோட்டார்கள். வணிகம் நிற்கவில்லை, கூலிதான் மாறியது.

கடைசியில் கொள்ளையே விதிகளுக்குள் ஒரு பதவியானது: 2023 நவம்பரில் வெளிவந்த ஈவின் ‘ஹவாக்’ விரிவாக்கத்தில், அதுவரை கணினி இயக்கும் எதிரிகளாக இருந்த குரிஸ்டாஸ், ஏஞ்சல் கார்ட்டெல் என்னும் கொள்ளைக் கூட்டங்களில் ஆட்டக்காரர்களே சேர்ந்து மண்டலங்களைச் சீர்குலைக்கவும், பேரரசுகளின் பக்கம் நிற்பவர்கள் அதை அடக்கவும் முறையான வழி அமைக்கப்பட்டது.