அப்பாவின் ரிப்போர்ட்டில் ஒரு பழைய மருந்து

போன வருஷம் உத்திரமேரூரில் அப்பாவுக்குக் காய்ச்சல். வழக்கம்போல ஒரு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை வாங்கிப் போட்டார். விடவில்லை. பிறகு பார்த்த டாக்டர் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். டைபாய்டு. நான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஆர் என்று போட்டிருந்தது. எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. சிப்ரோவுக்கு எதிரே ஆர். தாத்தா காலத்து மருந்தான குளோராம்பெனிகாலுக்கு எதிரே எஸ்!

புது மருந்து தோற்று, பழைய மருந்து ஜெயிப்பது எப்படி? சாஃப்ட்வேர்காரன் புத்தி, தேட ஆரம்பித்துவிட்டேன்.

வெனிசுவேலா நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1947ல் பிரித்தெடுக்கப்பட்டது குளோராம்பெனிகால். அடுத்த வருஷமே கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர்கள் அதை உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நோயாளிகளில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களுக்கும் குணமானது! அதுவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பிழைத்தால் உண்டு என்றிருந்த நோய்க்கு மருந்து கிடைத்தது இப்படித்தான்.

கால் நூற்றாண்டு அந்த மருந்தின் ராஜ்யம். 1972ல் கோழிக்கோட்டில் அது ஆட்டம் கண்டது. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சி.கே. ஜெயராம் பணிக்கரும் கே.என். விமலாவும் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு கிருமியைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். (எம்பிபிஎஸ் படித்த யாரையாவது கேளுங்கள், 'அனந்தநாராயணன் - பணிக்கர்' பாடப்புத்தகம் என்றால் உடனே தெரியும். அந்தப் பணிக்கர்தான் இவர்.) அதே வருஷம் மெக்சிகோவிலும் இதே மாதிரி கிருமி ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைத்தது.

கோழிக்கோட்டுக் கட்டுரையில் முக்கியமான சொல், அந்த எதிர்ப்புத் திறன் 'கைமாறக்கூடியது' என்பது. பாக்டீரியாவுக்குள் அதன் முதன்மை டிஎன்ஏ போக, பிளாஸ்மிட் என்ற சின்ன வளையமும் இருக்கலாம். பென் டிரைவ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதிக்கான குறிப்பு அதில் இருந்தால், பக்கத்து பாக்டீரியாவுக்கும் ஒரு காப்பி போய்விடும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. நம் குடலும் சாக்கடையும் இந்தக் காப்பி நடப்பதற்குத் தோதான இடங்கள்.

80களின் கடைசியில் ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் எல்லாவற்றையும் ஒரேயடியாக எதிர்க்கும் டைபாய்டு பரவியது. டாக்டர்கள் சிப்ரோவுக்கு மாறினார்கள். சில வருஷங்களில் அதுவும் மழுங்கியது. இங்கே பெரும்பாலும் பென் டிரைவ் வேலை இல்லை. கிருமியின் சொந்த மரபணுவிலேயே திருத்தம். ஆகவே சுலபத்தில் போகாது. குளோராம்பெனிகாலைக் குறைத்ததும் அந்தப் பழைய பிளாஸ்மிட்டைச் சுமக்காத கிருமிகள் திரும்பப் பெருகின. சுமையால் லாபம் இல்லையென்றால் சுமக்காதவன்தானே முந்துவான்! அப்பா ரிப்போர்ட்டில் இருந்த எஸ்ஸுக்கு அர்த்தம் இதுதான்.

அப்படியென்றால் பழைய மருந்துக்கே திரும்பிவிடலாமா? டாக்டரிடமே கேட்டேன். அபூர்வமாக என்றாலும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடிய மருந்து, தவிர, எல்லோரும் திரும்பினால் கிருமியும் திரும்பும் என்றார். அப்பாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான் போட்டார்கள், குணமானது. ஆனால் 2016ல் பாகிஸ்தானின் சிந்து மாகாண ஹைதராபாத்தில் அந்த ஊசிக்கும் அடங்காத டைபாய்டு வந்துவிட்டது. வாய்வழி மருந்தில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதைத் தடுக்க அங்கே குழந்தைகளுக்குப் போட்ட தடுப்பூசி நம்ம ஹைதராபாத்தில் தயாரானது!

இதையெல்லாம் படித்த பிறகு ஊருக்குப் போனபோது, கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். குடவோலைக்காக நாம் கொண்டாடும் அதே கல்வெட்டு. அந்த ஓலை எடுத்து யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதில் 6 பேர் ஏரி வாரியத்துக்கு. தண்ணீரைப் பார்த்துக்கொள்ள என்றே ஆட்கள், 1,100 வருஷத்துக்கு முன்னால். டைபாய்டு பரவுவது மலம் கலந்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும்தான். தண்ணீர் சுத்தமாக இருந்தால் இந்த எஸ், ஆர் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது. நாமோ குழாயைச் சரிசெய்வதற்குப் பதிலாக 75 வருஷமாக மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா இப்போது காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்குவதை மட்டும் இன்னும் முழுசாக விடவில்லை. "ரெண்டு மாத்திரைல என்னடா ஆயிடப் போவுது?" என்கிறார். இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டத்தான் போகிறேன்.