சட்டியில் ஒட்டிக்கொண்ட சரித்திரம்

வட சீனாவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து யாராவது வெளியூர் கிளம்பினால் ஜியாவோசி செய்து கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்தவருக்கு நூடுல்ஸ். "வண்டி ஏறும்போது ஜியாவோசி, இறங்கும்போது நூடுல்ஸ்" என்று பழமொழியே இருக்கிறது. ஜியாவோசி உலகம் சுற்றிய கதையும், பாதிக்கு மேல், ஊரை விட்டுக் கிளம்பியவர்களின் கதைதான்!

அது என்ன ஜியாவோசி? கோதுமை மாவை சிறு வட்டமாகத் தேய்த்து, நடுவில் இறைச்சிப் பூரணம் வைத்து, பிறை வடிவில் மடித்து ஒட்டியது. பார்வைக்கு நம்மூர் கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம். ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், குளிரில் காது புண்ணான ஏழைகளுக்கு ஆட்டிறைச்சி வைத்து காது வடிவில் இதைச் செய்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அது கதை. ஆதாரம் வேறு இடத்தில் கிடைத்தது. மேற்கே துர்ஃபான் பாலைவனத்தில், டாங் ஆட்சிக் காலத்து (618-907) கல்லறைகளில், காய்ந்துபோன ஜியாவோசிகள் கிண்ணத்தோடு அகப்பட்டன. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் அதே பிறை வடிவம்!

புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே உட்கார்ந்து இதைச் செய்யும். ஒருவர் மாவு தேய்ப்பார், நான்கு பேர் மடிப்பார்கள். தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். மிஞ்சியதை மறுநாள் எண்ணெயில் வறுப்பார்கள். பச்சையாகவே வறுக்கும் முறையும் உண்டு. தட்டையான சட்டியில் எண்ணெய் விட்டு வரிசையாக அடுக்கி, அடிப்பக்கம் சிவந்ததும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். ஆவியில் மேல்பக்கம் வேகும். தண்ணீர் வற்றியதும் அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும். இதற்கு குவோதியே என்று பெயர். 'சட்டியில் ஒட்டியது' என்று அர்த்தம்.

பூரணம் ஊருக்கு ஊர் மாறும். கடலோர மாகாணமான ஷான்டோங்கில் பன்றி இறைச்சியோடு இறாலும் சேரும். வஞ்சிர இனத்து மீன் ஒன்றையும் அரைத்து வைப்பார்கள். அந்த மீனில் கொழுப்பு குறைவு, தனியாக வைத்தால் வெந்ததும் இறுகிவிடும். அதனால் கொஞ்சம் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து, தண்ணீர் விட்டு, ஒரே திசையில் அடித்துக் கலக்குவார்கள். கடலும் கொட்டிலும் ஒரே மடிப்புக்குள்!

இந்த ஷான்டோங்கில் இருந்துதான் பெரிய பயணம் தொடங்கியது. வெள்ளம், வறட்சி, நிலமின்மை. 1890களிலிருந்து 1942 வரை ஷான்டோங், ஹெபெய் பகுதிகளிலிருந்து சுமார் 2.5 கோடிப் பேர் மஞ்சூரியாவுக்குப் போனார்கள். அறுவடைக்குப் போய்த் திரும்பியவர்கள் பலர். சுமார் 80 லட்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். (மஞ்சூரியா என்றதும் கோபி மஞ்சூரியன் ஞாபகம் வந்தால் அதை மறந்துவிடுங்கள். அது இந்தியாவில் பிறந்தது!) போனவர்கள் கையோடு ஜியாவோசியையும் கொண்டு போனார்கள்.

1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. அடுத்த வருடம் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை அமைத்தது. ஜப்பானிலிருந்து லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். நல்ல அரிசி ஜப்பானியருக்கு ஒதுக்கப்பட்டது. சீனர் அரிசிச் சோறு சாப்பிட்டால் அது பொருளாதாரக் குற்றம்! அப்படி நடத்தப்பட்டவர்களின் அடுப்பிலிருந்துதான் ஜப்பானியர் ஜியாவோசியின் ருசியைத் தெரிந்துகொண்டார்கள்.

1945-ல் எல்லாம் தலைகீழானது. ஜப்பான் தோற்றது. குடியேறியவர்கள் வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். வழியிலேயே பசியிலும் நோயிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். 1946 முதல் 1948 வரை ஹுலுதாவோ துறைமுகம் வழியாக மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். ஊர் திரும்பினால் அங்கே நகரங்கள் சாம்பல், அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்தது. மாவைப் பார்த்ததும் மஞ்சூரியாவில் தின்ற பண்டம் ஞாபகம் வந்தது. கறுப்புச் சந்தைக் கடைகளில் வறுத்து விற்க ஆரம்பித்தார்கள்.

அதுதான் இன்றைய கியோசா. சீனாவில் ஜியாவோசியே ஒரு வேளைச் சாப்பாடு. ஜப்பானில் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டமானது. தோல் மெலிந்தது, பூண்டு பூரணத்துக்குள்ளேயே போனது, வறுப்பதே முக்கிய முறையானது. உட்சுனோமியா, ஹமாமட்சு என்ற இரண்டு ஊர்கள், யார் வீட்டில் கியோசாவுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று வருடா வருடம் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. 2021-ல் இரண்டையும் முந்திக்கொண்டு மியாசாகி முதலிடத்தைப் பிடித்தது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆள வந்தவர்கள் ரயில் பாதை போட்டார்கள், தொழிற்சாலை கட்டினார்கள், எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது, யாருக்கு அரிசிச் சோற்றை மறுத்தார்களோ அவர்கள் கற்றுக்கொடுத்த பண்டம். ஷான்டோங் விவசாயியும் பசியோடுதான் கிளம்பினார், ஜப்பானியக் குடியேறியும் பசியோடுதான் திரும்பினார். இருவருக்கும் கைகொடுத்தது ஒரு பிடி மாவும் ஒரு சட்டியும்தான்.

அடுத்த முறை வீட்டில் செய்து பார்க்கும்போது, தண்ணீர் முழுதாக வற்றும் வரை மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றால் முதல் தட்டு அவர்களுக்கு!